எனக்கு மட்டும் வெளிக்கம்பி

சன்னலோரம் நீங்க உக்காந்துக்குங்க தம்பி. நா இந்தப் பக்கமே இருந்துக்கறேன். இங்கிருந்தாத்தான் ரோடு தெரியும், டிரைவர் கையும் தெரியும். முன்னால ரோடு தெரியலீன்னா எனக்குப் பஸ்ஸுல உக்கார முடியாதுங்க, மயக்கமாட்ட வரும்.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். இந்த ரூட்டே என்னோடதுதான். தாராபுரம் டெப்போல நாச்சிமுத்துன்னு கேட்டுப்பாருங்க, சொல்லுவாங்க. இருவத்தஞ்சு வருசத்துக்கும் மேல ஓட்டியிருக்கேன். ஒரு நாயி மேலகூட ஏத்துனதில்ல. பெருமைக்குச் சொல்லலீங்க, நடந்ததச் சொல்றேன்.

இப்பப் பாத்தீங்களா? அந்த லாரி தெரியறப்பவே ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்திருக்கோணும். கிட்டப் போயி மிதிக்கறான். பின்னால நிக்கற பொம்பளையெல்லாம் மேல மேல வந்து உழுகறாங்க. பிரேக்குங்கறது மிதிக்கற சாமானே இல்ல தம்பி. தடவற சாமான். விரல் நுனியில அது கூடப் பேசோணும். ஏனப்பா, கொஞ்சம் முன்னாடியே கால எடு. கேட்டீங்களா, 'சரிங்கண்ணா'ங்கறான். எடுக்க மாட்டான். பையன் புதுசு.

நா ஏன் ஓட்டலீன்னு கேக்கறீங்களா? எல்லாம் இந்தக் கால்தாங்க. வலதுகால், ரெண்டாவது விரல். பெருவிரலுக்குப் பக்கத்து விரல். செருப்பக் கழட்டிக் காட்டறேன், அருவருப்புப் படாதீங்க. பாருங்க, நடு மூட்டுல கூடாரமாட்ட மேல தூக்கீட்டு, நுனி கீழ குத்தீட்டு நிக்குதா? சுத்தியலாட்ட இருக்கறதால டாக்டருங்க இத 'ஹேமர் டோ'ன்னு சொல்லுவாங்க. ஆப்பரேசன் பண்ணுனதுக்கப்பறமும் இப்படித்தான் இருக்குது. தப்பான கம்பியப் போட்டுட்டாங்க தம்பி. அதச் சரிபண்ணத்தான் இப்ப போயிட்டிருக்கேன்.

மொதல்ல இது எனக்குத் தெரியவே இல்ல. டூட்டிக்கு சூ போட்டாகோணும். சூவோட மேல்தோல் இந்தத் தூக்கலான மூட்டுல ஒரசி ஒரசிப் புண்ணாயிருக்குது. ஒரு நா ஊட்டுக்கு வந்து சாக்சக் கழட்டுறேன், வரமாட்டேங்குது. எம்பட ஊட்டுக்காரி ருக்குமணி பாத்துட்டு, "ஏனுங்க, ரத்தம் காஞ்சு ஒட்டீட்டு இருக்குது, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்களா?"ன்னா. டிரைவர் உடம்பு அப்படித்தான் புள்ள, இதுக்கெல்லாம் வலிச்சா வண்டி ஓட்ட முடியுமான்னேன். அவ சிரிக்கல.

அவதான் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஈரோட்டுல ஒரு ஆசுபத்திரியில காட்டுனா. தமயந்தின்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். மரியாதையாத்தான் பேசுனாங்க, அதுல கொற சொல்ல முடியாது. புண்ணு ஆறட்டும், அப்பறம் விரல நேராக்கலாம், இல்லீன்னா அதே எடத்துல புண்ணு வந்துட்டே இருக்கும்னாங்க.

எனக்குப் பக்கத்துல அதே கேசுக்கு இன்னொருத்தரு உக்காந்திருந்தாரு. அர்த்தநாரின்னு, ரிட்டையரான பீட்டி வாத்தியாரு. காங்கேயத்துக்காரரு. அவருக்கும் அதே விரல், அதே கோணல். ரெண்டு பேரையும் உக்கார வெச்சு டாக்டரம்மா படம் போட்டே காட்டுனாங்க. மூட்டுல கொஞ்சம் எலும்பச் சீவி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் நேரா வெச்சு ஒட்ட விடோணும். ஒட்டற வரைக்கும் அது அசையாம எதாச்சும் புடிச்சுக்கோணும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, விரல் நுனியில இருந்து உள்ள சொருகற கம்பி. நுனி வெளிய நீட்டீட்டு இருக்கும், எதுலயும் குத்தாம இருக்க அந்த நுனியில ஒரு சின்ன மணி மாட்டியிருப்பாங்க. ஒட்டுனதும் உருவீருவாங்க. இன்னொண்ணு, எலும்புக்குள்ளயே வெக்கற திருகாணி மாதிரி ஒரு துண்டு. வெளிய ஒண்ணும் தெரியாது. உருவ வேண்டியதில்ல, ஆயுசுக்கும் உள்ளயே கெடக்கும்.

எது ஒசத்தின்னு நா கேட்டேன். நேராவே கேட்டேனுங்க.

"ஒசத்தி, மட்டம்னு இல்லீங்க. கடைசியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். விரல ஒட்ட வெக்கறது கம்பி இல்லீங்க, உங்க எலும்பு. கம்பி சும்மா புடிச்சுட்டு நிக்குது, அவ்ளோதான். நீங்க எவ்வளவு அசையாம இருக்கறீங்களோ அதுல இருக்குது எல்லாமே"ன்னாங்க.

சரி, ரெண்டும் ஒண்ணுதான்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணையே போடலாமில்ல? வாத்தியாருக்கு உள்ள வெக்கற துண்டு, நாச்சிமுத்துக்கு வெளிக்கம்பின்னு எழுதீட்டாங்க. காப்பீட்டுல ரெண்டுமே வருது, காசப்பத்திப் பேச்சே இல்ல. ஏனுங்கம்மா எனக்கு மட்டும் கம்பின்னு கேட்டேன். உங்களுக்குச் சக்கரை இருக்குது, புண்ணு வந்த எடம், உள்ள சீழ் கட்டுச்சுன்னா கம்பின்னா இழுத்து வெளிய போட்டறலாம், உள்ள வெச்சத எடுக்கோணும்னா எலும்பையே மறுபடி ஒடைக்கோணும்னாங்க. சொன்னா நல்லாத்தான் இருக்குது. ஆனா நா ஒண்ணு சொல்லட்டுங்களா? வாத்தியாரு சட்டையில பேனா இருந்துது, எனக்குக் காக்கிச் சட்டை. அவ்ளோதான் விசயம்.

சக்கரைன்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க. பத்துப் பன்னண்டு வருசமா இருக்குது. மாத்திரை குடுத்தாங்க. அதப் போட்டுட்டு வண்டி எடுத்தா கைகால் நடுங்குது, இல்லீன்னா பாதி வழியில ஒதுங்கோணும்போல இருக்குது. அம்பது பேர ஏத்தீட்டு ரோட்டோரம் நிறுத்தீட்டு ஒதுங்க முடியுங்களா? அதனால டூட்டி நாள்ல போடமாட்டேன். டூட்டி இல்லாத நாள்ல போடுவேன். எல்லா டிரைவரும் அப்படித்தான்.

ஆப்பரேசன் ஒரே நாள்ல ஆச்சு. மொதல்ல வாத்தியாரு, அப்பறம் நானு. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மரத்துப்போற ஊசி எறங்குனதும் வாத்தியாரு போட்ட சத்தத்தக் கேக்கோணுமே. பீட்டி வாத்தியாரு, எத்தன பசங்கள வெயில்ல ஓட விட்டிருப்பாரு, ஒத்த விரலுக்கு அப்படி அழுவறாரு. நா அவரு கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் அதே வெட்டு, அதே சீவு. ஒரு சொட்டு வலி இல்ல தம்பி. நர்சம்மா ஊசியத் தூக்கீட்டு வந்து, வேண்டாமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டுத் திரும்பிப் போச்சு.

வாத்தியாரு கட்டில விட்டு எறங்கவே இல்ல. கால் தரையில பட்டாப் போதும், உசுரே போற மாதிரி கத்துவாரு. நாந்தான் எந்திரிச்சுப் போயி அவருக்கு டீ வாங்கியாருவேன், தண்ணி புடிச்சு வெப்பேன். குதிகால்ல மட்டும் ஊனுங்க, அதுவும் அவசியத்துக்கு மட்டும்னு சொல்லி ஒரு செருப்புக் குடுத்திருந்தாங்க. குதிகால்லதான் ஊனுனேன்னு நெனைக்கறேன். வலிச்சாத்தானே தெரியும் எங்க ஊனறோம்னு.

ஊட்டுக்கு வந்தும் சும்மா கெடக்க முடியலீங்க. நாலு சொவரப் பாத்துட்டு எத்தன நாளைக்கு இருக்கறது? மொபெட்ட எடுத்துட்டு டெப்போக்குப் போவேன். வண்டிகள்ளாம் கெளம்பறதப் பாத்துட்டு, ரங்கராசு கூட டீ குடிச்சுட்டு வருவேன். ரங்கராசுன்னா என்னோட கண்டக்டரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு வண்டியில எத்தன வருசம் தெரியுங்களா? அவன் விசில் ஊதறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும், யாரு எறங்கீட்டாங்க, யாரு இன்னும் படியில இருக்கறாங்கன்னு. அவன் என் காலப் பாத்துட்டு, "நாச்சண்ணா, இந்தக் கம்பி நேத்து இப்படியா இருந்துது?"ன்னான். எனக்கு நேத்து எப்படி இருந்துச்சுன்னு நெனப்பில்ல. இப்படித்தான்டான்னேன்.

கம்பி எடுக்கற அன்னிக்குப் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேவ வெளக்குல வெச்சுப் பாத்துட்டு எம்பக்கம் திரும்புனாங்க.

"இது எப்ப வளஞ்சுதுங்க?"

"தெரியலீங்களே."

"ஒரு நா இல்ல ஒரு நா சுருக்குனு இருந்திருக்குமே."

"எனக்கு வலியே கெடையாதுங்கம்மா."

அப்பறம் கொறடு மாதிரி ஒண்ண எடுத்து உருவுனாங்க. எனக்கு முன்னால போன ஆளு கம்பிய எடுக்கறப்பக் கத்துனது வெளிய வரைக்கும் கேட்டுது. நா அவங்ககிட்ட ஈரோட்டுப் பக்கம் மழை உண்டுங்களான்னு கேட்டுட்டு இருந்தேன். கம்பி வளஞ்சே வெளிய வந்துது. தட்டுல போட்டுட்டு நிமுந்து என்னப் பாத்தாங்க. நல்ல தெம்பான ஆளுன்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

"நாச்சிமுத்து, உங்களுக்கு வலிக்காம இருக்குது பாருங்க, அதுதான் எனக்குக் கவலை. எலும்பு ஒட்டல. அத மறுபடியும் பாக்கலாம். ஆனா இந்தக் கால்ல நரம்பு வேல செய்யலீங்க. நீங்க பஸ் ஓட்டக் கூடாது. நா எழுதிக் குடுத்தாகோணும்."

பாத்தீங்களா தம்பி? கம்பிய மாத்திப் போட்டது அவங்க. வளஞ்சது அவங்க கம்பி. கடைசியில எம்பட நரம்பு மேல பழிய வெச்சாச்சு.

வாத்தியாரு விரல் இப்ப ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்குது. போனுல பேசுனேன். பேரன்கூட ஊருக்குள்ள நடந்து போறாராம். "நான் ஒண்ணும் பண்ணல நாச்சிமுத்து, வலி தாங்காமப் படுத்தே கெடந்தேன், அது பாட்டுக்கு ஒட்டீருச்சு"ங்கறாரு. நல்ல சாமான வெச்சிருந்தா யாருக்கும் ஒட்டும்.

டெப்போல என்ன வாசல் கேட்டுல உக்கார வெச்சாங்க. லைட் டூட்டி. வர்ற வண்டி, போற வண்டியப் பாக்கோணும். நேத்து வந்த பசங்க எம்முன்னாலயே சர்ருனு வண்டியத் திருப்பீட்டுப் போறானுங்க. கையக் காட்டிக் கும்பிடுவானுங்க, வெளயாட்டுக்கில்ல, மரியாதையாத்தான். அதுதாங்க தாங்கல. மேனேஜரு கூப்புட்டு, "நாச்சிமுத்து, ஆபீசுலயே ஒரு வேல இருக்குது, நெழல்ல உக்காந்துட்டு ரிட்டையர்மெண்ட் வரைக்கும் ஓட்டீருங்க"ன்னாரு. ஓட்டீருங்கங்கற சொல்ல அவரு யோசிக்காமச் சொல்லீட்டாரு. நா வெளிய வந்து வேப்பமரத்துக்கடியில நின்னுட்டு அழுதுட்டேனுங்க. நா அழுவற ஆளில்ல.

அதுக்கப்பறம்தான் ரங்கராசுகிட்ட கேட்டேன். டேய், ஒரே ஒரு தடவ, டெப்போக்குள்ளயே, நாலு வண்டி தூரம். ஓட்டிக் காட்டறேன், நீ மேனேஜருகிட்ட சொல்லு. அவன் வேண்டாம்னான். கெஞ்சுனேன். அவங்கிட்ட நா எப்பவும் கெஞ்சுனதில்ல. சர்வீசுக்கு நின்ன ஒரு வண்டிய எடுத்தேன். ஸ்டேரிங்ல கைய வெச்சதும் தம்பி, ஒடம்புல இருந்த பாரமெல்லாம் எறங்கிப் போச்சு. மொத கியர், ரெண்டாவது. நல்லாத்தான் போச்சு. ஒர்க்‌சாப் வளைவுல டயருக்குக் காத்தடிக்கற பீர்முகமது குனிஞ்சு உக்காந்திருந்தாரு. நா பிரேக்குல காலை வெச்சேன்.

வெச்சேனுங்க. நல்லா அழுத்துனேன். வண்டி நிக்கல. இன்னும் அழுத்துனேன், இன்னும் வெசையாப் போச்சு. ரங்கராசு படியில நின்னுட்டு "அண்ணா, கால எடுங்க, கால எடுங்க"ன்னு கத்தறான். நா கையில ஹேண்ட் பிரேக்க இழுத்துப் போட்டுத் திருப்புனேன். தண்ணித் தொட்டியில இடிச்சு நின்னுது. பீர்முகமது உருண்டு அந்தண்ட போயிட்டாரு. அவருக்கு முட்டியில சிராய்ப்பு மட்டுந்தான். காத்துக் கொழாய் அவரு இருந்த எடத்துல டயருக்கடியில கெடந்துது.

சர்வீசுக்கு வந்த வண்டி பாருங்க. பிரேக்குல காத்து எறங்கீருக்கும்.

ரங்கராசு மேல ஏறி வந்து கீழ குனிஞ்சு என் காலப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம், "நாச்சண்ணா, எறங்குங்க"ன்னான். அன்னிக்கிருந்து ஊட்டுப் பக்கம் வர்றதில்ல. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. பீர்முகமதாச்சும் வந்து பாத்துட்டுப் போனாரு, பழம் வாங்கீட்டு. உருண்ட மனுசன் வர்றாரு, இவன் வரமாட்டேங்கறான். அவனுக்கு என்ன கோவம்னே எனக்குப் புரியல.

ருக்குமணி கதையக் கேளுங்க. தெனமும் குளிச்சுட்டு வந்ததும் என்ன நாற்காலியில உக்கார வெச்சு, கீழ உக்காந்து, மொகம் பாக்கற கண்ணாடிய அடிக்காலுக்கு நேரா புடிச்சுப் பாப்பா. முள்ளு குத்தியிருக்கா, கொப்புளம் இருக்கான்னு. டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருக்கறாங்க. கட்டுன பொண்டாட்டி என் கால்மாட்டுல உக்காந்துட்டு மாட்டுக்கு லாடம் பாக்கற மாதிரி பாத்தா எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நா கத்தீட்டேன். விட்டுட்டா. அப்பறம் ஒரு மத்தியானம் அசந்து தூங்கீட்டு முழிச்சுப் பாக்கறேன், அவ கட்டிலோரம் உக்காந்து என் கால மடியில வெச்சுட்டு இருக்கறா. எப்ப எடுத்து வெச்சாளோ, எனக்குத் தெரியவே இல்ல. அவ்ளோ மெதுவா எடுத்து வெச்சிருக்கா பாருங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது. என்ன புள்ளைன்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா.

சித்திரையில ஒரு நா ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தேன். பக்கத்தூட்டுப் பொண்ணு, "மாமா, ஒரு கால் செருப்பு எங்க?"ங்குது. குனிஞ்சு பாத்தா இல்ல. கடையில இருந்து தார் ரோடு, உச்சி வெயில். வெறுங்கால்ல வந்திருக்கேன். நா சிரிச்சுட்டேன். ருக்குமணி மட்டும் வாசல்லயே உக்காந்துட்டா. கொப்புளம் ஆற ரொம்ப நாளாச்சுங்க, அதனாலதான் இத்தன நாள் தள்ளிப் போச்சு, இல்லீன்னா அப்பவே கோயமுத்தூருக்குக் கெளம்பியிருப்பேன்.

இன்னிக்கு நா வர்றது அவளுக்குத் தெரியாது. சூலூருல சொந்தக்காரங்க ஊட்டுக்குன்னு சொல்லீட்டு வந்திருக்கேன். சொன்னா விட மாட்டா. "ஆபீசு வேலையே போதுங்க, நீங்க இருந்தாப் போதுங்க"ம்பா. அவளுக்கு எப்படிப் புரிய வெக்கறது? அந்தச் சீட்டுல உக்காந்தாத்தான் நா நானு தம்பி. ஊட்டுல எந்தச் சொவத்துக்குப் பக்கத்துல உக்காந்தாலும் யாரோ ஒருத்தரு ஊட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்குது. சோறு எறங்க மாட்டேங்குது.

கோயமுத்தூரு டாக்டருகிட்ட அந்த உள்ள வெக்கற துண்டப் போடச் சொல்லிக் கேக்கப் போறேன். விரல் நேரா ஆகட்டும், பெடல்ல ஒழுங்காப் படியும். அடுத்த வாரம் மெடிக்கல் போர்டு, நா இனி வண்டி ஓட்டலாமா கூடாதான்னு அங்கதான் முடிவு பண்ணுவாங்க. அதுக்குள்ள ஆப்பரேசன் ஆகாதுன்னு தெரியும். ஆனா சரி பண்ண முடியும்னு ஒரு டாக்டரு சொன்னாப் போதும், டைம் கேக்கலாம்.

ஒரே ஒரு சங்கடம். காத்தால போன் பண்ணுனப்ப அங்க ஒரு பொண்ணு சொல்லுச்சு, கத்தி வெக்கறதுக்கு முன்னால அவங்களே நரம்பச் சோதிப்பாங்களாம். கண்ண மூடிக்கச் சொல்லீட்டு, மீன் புடிக்கற தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணுல விரல் விரலாத் தொடுவாங்களாம். எந்த விரல்ல தொடறாங்கன்னு நாம சொல்லோணுமாம். அது என்னங்க பெரிய பரீட்சை, அஞ்சு விரல்தானே. இருந்தாலும் ஒரு தடவ பாத்துட்டுப் போனா நல்லதில்ல? ஊட்டுல யாரையும் கேக்க முடியல. உங்க பையில பேனா இருக்குதுங்களா? சங்கடப்படாதீங்க. கையால தொட வேண்டாம், பேனா மூடி போதும்.

இப்படி சீட்டு மேலயே கால வெச்சுக்கறேன். பெருவிரல்ல ஆரம்பிச்சு எப்படி வேணும்னாலும் மாத்தி மாத்தித் தொடுங்க. நா சரியாச் சொல்லீருவேன்.

சரி, கண்ண மூடிட்டேன். ஆரம்பிங்க.

ம், பல்லடம் வந்துட்டு இருக்குது, கண்ண மூடிட்டே சொல்லுவேன், இந்த எடத்துல ரோடு கொஞ்சம் எறங்கும். பாத்தீங்களா, எறங்குது. எங்கெங்க குழி, எங்கெங்க வளைவு, எல்லாம் ஒடம்புல இருக்குது.

ஆரம்பிங்க தம்பி. ஏன் நேரத்தக் கடத்தறீங்க? நா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், தாராளமாத் தொடுங்க.

தம்பி?

தொட்டாச்சுங்களா?

எத்தன விரல்ல?

பஸ்ஸு குலுங்குதுங்க. அதான். இந்தப் பையனுக்கு வண்டிய அலுங்காம ஓட்டத் தெரியல. ஏனப்பா, பல்லடத்துல வண்டி நிக்குமில்ல? நிக்கும்ங்கறான். நிக்கட்டும் தம்பி. நின்னதுக்கப்பறம் இன்னொரு தடவ பாத்தறலாம். பேனாவ உள்ள வெச்சறாதீங்க. மூடிய எடுத்துட்டு, அந்தக் கூர்ப் பக்கமா வெச்சு, நல்லா அழுத்திப் பாருங்க.